பாரம் ஏற்றி முடுக்க வேண்டும்

பைக்குள்ளிருந்து எடுத்ததைக் உதிரிபாகக் கடையின் கண்ணாடிப் பலகைமேல் வைக்கப் போனபோது, கவுன்டரில் நின்றவன் கையை நீட்டித் தடுத்துவிட்டு ஒரு பழைய செய்தித்தாளை விரித்தான். அவள் அதன்மேல் வைத்தாள். காரின் முன்சக்கரத்தில் குலுக்கலைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர், மெக்கானிக் கழற்றிக் கொடுத்தது. முழங்கை நீளம் இருந்தது. எண்ணெய் கசிந்து, அதில் மண் ஒட்டி, இன்னொரு தோல் போலப் படிந்திருந்தது. அவன் காதில் செருகியிருந்த பென்சிலால் அதை இரண்டு தட்டு தட்டினான். பிறகு தண்டைப் பிடித்து அமுக்கினான். அது கொஞ்சமும் முரண்டு பிடிக்காமல் உள்ளே போய், போன இடத்திலேயே தங்கிவிட்டது.

"இந்த வண்டிய இன்னுமா ஓட்டுறீங்க?"

ஓடுகிறது என்றாள்.

"ஓடும் ஓடும். நம்ம ஆளுங்க லேசுல விட்டுர மாட்டாங்களே."

அந்த மாதிரி வண்டி செய்வதை நிறுத்திப் பதினான்கு வருஷம் ஆயிற்று, புது ஷாக் கேட்டு வந்தால் தன்னுடைய பல்லைத்தான் பிடுங்கிக் கொடுக்க வேண்டும் என்றான். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளின் முனையில் போடுகிற ரப்பர் புஷ் நான்கும் வேறொரு வண்டியினுடையது சரியாகப் பொருந்தும் என்று உள்ளே போய் எடுத்துவந்தான். அவள் அவன் சொன்னதை நம்பாமல், மாதிரிக்குக் கொண்டுவந்த பழைய புஷ் ஒன்றை ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்து வைத்துப் பார்த்தாள். சலவைக் கடையில் வருகிற துணிகளுக்கு எண் தைப்பது அவளுடைய வேலை. ஒரே மாதிரி இருக்கிற இரண்டு வெள்ளைச் சட்டைகளில் எது யாருடையது என்று காலர் மடிப்பைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். நான்கையும் பார்த்து முடித்த பிறகுதான் பையில் போட்டாள். ஷாக்குக்கு ஊருக்கு வெளியே வண்டி உடைக்கிற இடம் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்று அவன் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து வழியும் வண்டியின் மாதிரியும் எழுதிக் கொடுத்தான். அன்று வெள்ளிக்கிழமை. திங்கள் காலை பத்து மணிக்குள் வண்டி தயாராக வேண்டும்.

வியாழக்கிழமைதான் அவர் அதைச் சொன்னார். அவளுடைய புருஷன் முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டு வருகிறவர்களை, அவரவர் இறங்கும் இடம் வரைக்கும் தூக்கம் கலையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஓட்டுவது, மற்றதெல்லாம் உருட்டுவது என்பார். அவளுக்கு நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தவரும் அவர்தான். பிரேக்கை மிதிக்கக் கூடாது, கெஞ்ச வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே கற்றுக் கொடுத்தார். இப்போது அவர் பின் இருக்கையில் நீட்டிப் படுத்துக்கொள்ள, அவள்தான் ஓட்டுகிறாள். முதுகெலும்பில் வந்த நோய். அதற்கான கதிர்வீச்சைக் கரண்ட் வைப்பது என்று வீட்டில் சொல்லிக்கொண்டார்கள், மொத்தம் முப்பது நாள் வைக்க வேண்டும். பதினொன்று முடிந்திருந்தது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிஷம், பத்தொன்பது வேகத்தடை. ஒவ்வொன்றிலும் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். முனகல்கூட இல்லை, மூக்கு வழியாக மூச்சை யாரோ பிடுங்கி எடுப்பது போல ஒன்று. அவள் அதற்கென்றே ரேடியோவைப் போடாமல் ஓட்டுவாள். வியாழக்கிழமை திரும்பி வரும்போது, பதின்மூன்றாவதில் ஏறி இறங்கிய பிறகு, அவர் பேசினார்.

"வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. என்னால முடியல. இது சரியாகுற வரைக்கும் நான் வரல."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, சரி, நாளைக்கு ஒரு நாள் போகட்டும், திங்களுக்குள்ள பார்த்துடலாம் என்றாள். அவள் அப்படித்தான். யாராவது எதையாவது சொன்னால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். தண்ணீர் வேண்டும் என்றால் தண்ணீர். வெளிச்சம் கண்ணை உறுத்துகிறது என்றால் அன்றைக்கே திரைச்சீலை. நோய் வந்த நாளிலிருந்து செய்வதற்கு ஒன்றும் இல்லாத வேளைகள்தான் அவளுக்குப் பயமாக இருந்தன. டாக்டர் ஒரு தடவை, இதனால் வலி குறையும், மற்றபடி எவ்வளவு நாள் என்று என்னால் சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார். அதில் முதல் பாதியை மட்டும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வண்டி என்று ஒன்றைக் காட்டிச் சொன்னதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. வண்டியைச் சரி செய்யலாம்.

வெளியூரில் இருக்கிற மகள் போனில், எதுக்கும்மா அந்தத் தகர டப்பாவோட மல்லுக்கட்டுற, வாடகைக்கு ஒண்ணு வெச்சுக்கோ என்றாள். அதையும் ஒருநாள் செய்து பார்த்தாயிற்று. புது வண்டிகளின் பின் இருக்கை நடுவில் மேடு தட்டியிருக்கிறது, கால் நீட்ட முடியவில்லை. போதாததற்கு அந்த டிரைவர் ஆறுதலாக இருக்கட்டும் என்று தன் பெரியப்பாவுக்கும் இதே நோய் வந்த கதையை ஆரம்பித்து, ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் பெரியப்பாவைப் புதைத்தே விட்டான்.

வண்டி உடைக்கிற இடத்தைக் கவனித்துக்கொண்டவள் அவளைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண். கழற்றிப் போட்ட கார் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தாள். துண்டுக் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசி வரிசையில் அந்த மாதிரி மூன்று கிடக்கின்றன, ஒன்று எரிந்தது, ஒன்று தண்ணீரில் மூழ்கியது, மூன்றாவதைப் பாருங்கள் என்று கை கழுவிக்கொண்டே கூட வந்தாள். மூன்றாவது வண்டியின் முகம் சப்பையாகப் போயிருந்தது. பின்பக்கம் ஒரு கீறல் இல்லை. பின் கண்ணாடியில் 'புதிய ஓட்டுநர்' என்று ஒட்டியிருந்த சீட்டு வெயிலில் வெளுத்திருந்தது.

"ஒம்பது வருஷமா இங்கதான் நிக்குது. இன்னும் புதுசுதான்," என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு, வந்தவள் சிரிக்காததைக் கண்டு, "வீட்டுல யாருக்கு முடியல?" என்று கேட்டாள்.

அவள் சொன்னாள். அந்தப் பெண் ஆளை விட்டு நான்கு ஷாக்கையும் கழற்றச் சொன்னாள். வாங்க வந்தவள் அந்த அழுக்குத் தரையில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு ஷாக்கையும் செங்குத்தாக நிறுத்தி, முழு உடம்பையும் சாய்த்து அமுக்கிப் பார்த்தாள். நல்லது என்றால் தண்டு மனமில்லாமல் இறங்க வேண்டும், விட்டால் அவசரப்படாமல் எழும்ப வேண்டும். இது அவர் பல வருஷங்களுக்கு முன்பு வேறு எதற்கோ சொன்னது, எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று நன்றாக எழும்பின. நான்காவது பாதியில் நின்றது. மூழ்கிய வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி அந்தக் குறையைத் தீர்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதில் ஒன்றைத் துடைத்து, ஒரு துண்டில் சுற்றி, கட்டிலில் அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பி, தண்டின் தலையில் உள்ளங்கையை வைத்து அமுக்கினார். அது இறங்கவில்லை. இன்னொரு கையையும் வைத்தார். அப்புறம் இரண்டு கையையும் எடுத்துக்கொண்டு, "கெட்டியா இருக்கு, நல்ல சாமான்," என்றார். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

மெக்கானிக்குக்கு ஊரில் அரைமணி என்று பேர். எந்த வேலையைக் கேட்டாலும் அரைமணி நேரத்து வேலை அண்ணி என்பான். எஞ்சினை இறக்கி ஏற்றுவதும் அவனுக்கு அரைமணிதான். சனிக்கிழமை காலையில் வண்டியைத் தூக்கி நாலு இரும்புக் கால்களின் மேல் நிறுத்தினான், சக்கரங்களைக் கழற்றினான், இத்துப்போன போல்ட்டு ஒன்று தலை முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதைக் குடைந்து எடுக்கவே மத்தியானமாகிவிட்டது. அவள் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவள் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டாள். அவருக்கு மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் எது வரைக்கும் ஆயிற்று என்று சொன்னாள். மீதி இருந்த பழைய புஷ்ஷை வெளியே எடுத்தபோது அது ரப்பராகவே இல்லை, கருகிய ரொட்டி மாதிரி உதிர்ந்தது என்றாள். அவர் "ம்" என்றார். இன்னும் இரண்டு சக்கரம்தான் பாக்கி என்றாள். அதற்கும் "ம்"தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டி இறங்கியது. அவளே ஓட்டி வந்தாள். முதல் வேகத்தடை வந்தபோது பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். வண்டி ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான். தண்ணீரில் படகு ஒரு அலையைத் தாண்டுவது போலிருந்தது. அவளால் நம்ப முடியவில்லை. தெருமுனை வரை போய்த் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் அதன்மேல் ஏறினாள். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் இந்தப் பொம்பளைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார். ஒரே ஒரு சின்னக் குறை. ஏறி இறங்கும்போது முன்னாலிருந்து ஒரு கிறீச். யாரோ ரெக்ஸின் சோபாவில் புரண்டு உட்காருவது போல. புது ரப்பர், பழகிப் போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசல் மேட்டில் இன்னொரு கிறீச்சோடு ஏற்றி நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"தொங்கவிட்டு முடுக்கியிருக்கான்."

அவளுக்குப் புரியவில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தியிருக்கும்போது சக்கரங்கள் தொங்கும். அந்த நிலையில் போல்ட்டை முடுக்கினால் ரப்பர் அந்த நிலையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், சும்மா நிற்கும்போதுகூட. கத்தும், விறைக்கும், ரெண்டு மாசத்தில் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிற்கவைத்து, எப்போதும் ஏறுகிற பாரத்தை ஏற்றி, அதன் பிறகுதான் முடுக்க வேண்டும். இவ்வளவையும் அவர் நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். இரண்டு வாரத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது இதுதான். அவள் அரைமணிக்குப் போன் போட்டாள். அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, அவசரத்தில் விட்டுவிட்டேன் அண்ணி, இதோ வருகிறேன், அரைமணி என்றான். அன்றைக்குச் சொன்னபடி அரைமணியிலேயே வந்தும் விட்டான்.

வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. நான்கு அகலமான மரக்கட்டைகளைத் தன் வண்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு கட்டைமேல் ஏற்றி நிறுத்தி, அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்து போல்ட்டு நான்கையும் தளர்த்தினான். ஒவ்வொன்று தளரும்போதும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. பாரத்துக்கு ரெண்டு மூட்டை மணல் கிடைக்குமா, ஒன்று முன்னால் அண்ணிக்கு, ஒன்று பின்னால் அண்ணனுக்கு என்று அடியிலிருந்தே கேட்டான். அண்ணன் எவ்வளவு எடை இருப்பார் என்று கேட்டான். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வாரமும் எழுதுகிறார்கள், அவள் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை.

"மூட்டை எதுக்கு? நானே வரேன்."

அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சட்டை பொத்தான் போட்டு, காலில் சாக்ஸோடு. யாரும் எழுப்பாமல், யாரும் கெஞ்சாமல் அவராக எழுந்து வந்திருக்கிறார். அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள். வண்டி சரியானதும் ஆளும் எழுந்துவிட்டார் என்றே நினைத்தாள். நாளைக்குப் பத்து மணிக்கு என்ன சட்டை போடுவது என்பது வரைக்கும் அந்தப் பத்தடி தூரத்தில் அவள் யோசித்து முடித்துவிட்டாள். கதவை விரியத் திறந்து, முதலில் உட்காரவைத்து, பிறகு காலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்து, தலைக்கு அணை கொடுத்துப் படுக்கவைத்தாள். கதவைச் சாத்தினாள். சுற்றி வந்து ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவள் ஏறியபோது வண்டி முன்னால் கொஞ்சம் அமுங்கியது.

அடியிலிருந்து அரைமணியின் குரல் வந்தது. "அண்ணி ஏறியாச்சு. அண்ணன் இன்னும் ஏறலையா?"

அவர் ஏறியது வண்டிக்குத் தெரியவே இல்லை. "ஏறியாச்சு," என்றாள்.

அடியில் ஸ்பானர் எதிலோ இடித்துக்கொண்டது. பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி அண்ணி. நான் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஆடாம இருங்க, வண்டி ஒரே நிலையில நிக்கணும்," என்றான்.

முதல் போல்ட்டு முடுக்கப்பட்டது. அந்த அதிர்வு இருக்கை வழியாக அவளுடைய முதுகுக்கு வந்தது. கண்ணாடியில் அவருடைய முகம் தெரியவில்லை. படுத்திருக்கிறபோது எப்போதும் தெரிவது போல, எதிர்க் கதவில் முட்டுக்கொடுத்த பாதங்கள்தான் தெரிந்தன.

"உன்ன ஒரு இடத்துல உக்கார வெக்கணும்னா இவ்ளோ பண்ண வேண்டியிருக்கு," என்றார் அவர்.

அவள் சிரித்தாள். கிறீச் என்ற சத்தத்தைக் கட்டிலிலிருந்தே கண்டுபிடித்துவிட்டீர்களே, உங்கள் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாள். காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியவில்லை, சொல்லாமல் விட்டிருக்கலாம் என்றார். நாளைக்குப் பாருங்கள், வேகத்தடை இருப்பதே தெரியாது, மூன்று தடவை ஏறிப் பார்த்தேன் என்றாள் அவள்.

"வண்டி நல்லாத்தாம்மா இருந்துச்சு."

"எப்ப?"

"போன வாரமும். அதுக்கு முந்தியும்." அவர் நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "தூக்கிப் போட்டா வலிக்கத்தான் செய்யும். இல்லேங்கல. அதுக்காக நான் சொல்லல. அன்னைக்கு வேற ஒண்ணு சொல்ல வந்தேன். உன் பின்மண்டையைப் பாத்துக்கிட்டே வந்தேன், வாய் வரல. வண்டின்னு சொல்லிட்டேன். நீ அதத் தூக்கிக்கிட்டு ஓடிட்ட."

இரண்டாவது போல்ட்டில் ஸ்பானர் மாட்டிக்கொண்டது. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எங்கேயும் போகாத வண்டியின் ஸ்டியரிங்கை. முன் கண்ணாடிக்கு அப்பால் எதிர்வீட்டுச் சுவர், அதில் மழைத் தண்ணீர் வடிந்த கறை, கொடியில் ஒரு போர்வை. கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று செய்ய வேண்டியது இருந்தது. போர்வையை யாராவது எடுக்க வேண்டும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

"இன்னும் பத்தொம்பது நாள்தானே," என்றாள். "பாதி ஆயிடுச்சு."

"பாதி ஆகல."

"டாக்டர் வலி குறையும்னு சொன்னாரு."

"அதுக்கப்புறமும் ஏதோ சொன்னாரே. நானும்தான் அந்த ரூம்ல இருந்தேன்."

வலிக்கு மாத்திரை இருக்கிறது, அது போதும் என்றார் அவர். காலையில் எழுந்து குளித்து, அந்தக் குளிர் பலகையில் படுத்து, திரும்பி வந்து, மறுபடி படுத்து, ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடுகிறது. இருக்கிற நாட்கள் வீட்டில் போகட்டும் என்றார்.

"நாளைக்கு நீ வான்னா வந்துருவேன். எனக்குத் தெரியும், வந்துருவேன். அதனாலதான் கேக்குறேன். கூப்பிடாத."

"அண்ணி, ஆடாதீங்க," என்றான் அடியிலிருந்து அரைமணி.

தான் ஆடியது அவளுக்குத் தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. இருக்கை அந்தக் குலுக்கலை வாங்கி வண்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது, அந்த நல்ல ஷாக்குகள் அதை மெதுவாக வாங்கி அடக்கின. அவள் உதட்டைக் கடித்தாள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தாள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தால் முகத்தைத் துடைக்கலாம், எடுத்தால் பாரம் மாறும். கண்ணீர் தாடை வரைக்கும் போய் அங்கிருந்து சேலையில் விழுந்தது, அவள் அதை விட்டுவிட்டாள். அரைமணி கொஞ்ச நேரம் காத்திருந்தான். எவ்வளவு கேட்டிருப்பான் என்று தெரியவில்லை. சாக்கு சரசரவென்று அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தது. மூன்றாவது போல்ட்டு, ஒவ்வொரு பல்லாக, நிதானமாக ஏறியது. அவன் வாழ்க்கையில் எந்த வேலையையும் இவ்வளவு நிதானமாகச் செய்திருக்க மாட்டான்.

"உங்க பொண்ணு கேட்டா நான் என்ன சொல்வேன்?" என்றாள் அவள், குரலை அசைக்காமல்.

பின்னாலிருந்து மூச்சு ஒரே சீராக வந்தது. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தாள். அந்த வண்டியில் அவர் தூங்கி எத்தனையோ நாள் ஆயிற்று. திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கழுத்து ஒரு இழை திரும்பி, அங்கேயே நின்றது.

"இன்னும் ஒண்ணுதான் அண்ணி," என்றது அடியிலிருந்து வந்த குரல், முன்னைவிடத் தாழ்வாக.

கொடியில் இருந்த போர்வையை யாரோ வந்து எடுத்துப் போனார்கள். ஸ்பானர் கடைசி போல்ட்டின் தலையைத் தேடிப் பிடித்து, ஒரு கால் சுற்று சுற்றி நின்றது. அடுத்த கால் சுற்றுக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் அவருடைய பாதம், சாக்ஸின் கிழிசல் வழியாகப் பெருவிரல் வெளியே தெரிய, சாயங்கால வெளிச்சத்தில் அசையாமல் இருந்தது.